ஃபார்மேட்டுக்கு முன்னால்

புதிதாக ஒரு கேமையோ கணக்கு மென்பொருளையோ இறக்கி நிறுவி, ஐகானை இரண்டு தட்டு தட்டியதும் சின்னப் பெட்டி ஒன்று திரையில் குதிக்கிறது. விசிரன்டைம்140.டிஎல்எல் என்ற கோப்பைக் காணோம், அதனால் நிரலைத் தொடங்க முடியவில்லை என்கிறது. படித்தவர் விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார். உடனே கோப்பின் பெயரை கூகுளில் போடுகிறார். அந்த ஒற்றைக் கோப்பை இலவசமாகத் தருகிறோம் என்று தளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

உண்மையில் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்ட நிரல்கள், அடிப்படை வேலைகள் சிலவற்றுக்கு ஒரு பொதுவான துணைத் தொகுப்பை நம்பியிருக்கின்றன. அந்தத் தொகுப்பு எல்லாக் கணினியிலும் தானாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. நிரலை விற்றவர்தான் அதையும் சேர்த்து நிறுவித் தரவேண்டும், அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அது கிடைக்கிறது. 2015-க்குப் பின் வந்த பதிப்புகள் எல்லாம் அதே 140 என்ற எண்ணையே தொடர்வதால் ஒரே தொகுப்பு போதும். அதில் எக்ஸ்86, எக்ஸ்64 என இரண்டு வகை உண்டு. இரண்டையும் போட்டுவிடுவது நல்லது. 64 பிட் கணினியில் 32 பிட் நிரல்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு அவற்றின் கோப்புதான் வேண்டும்.

ஒற்றைக் கோப்பை எங்கிருந்தோ இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் ஒட்டுகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரோ சிஸ்வாவ்64! பழைய நிரல்களில் சிஸ்டம்32 என்ற பெயர் ஊறிப்போயிருந்ததால் அதை மாற்றாமல் விட்டார்கள். பெயரும் பொருளும் தலைகீழாக நின்றுவிட்டன. தவறான இடத்தில் தவறான கோப்பை ஒட்டினால் பழைய பிழைச்செய்தி போய் 0எக்ஸ்சி000007பி என்ற புதிய செய்தி வரும். இது விபத்து. அந்தக் கோப்போடு வைரஸும் சேர்ந்து வந்திருந்தால் அது வேறு கதை. முன்பின் தெரியாத தளத்திலிருந்து டிஎல்எல் இறக்குவது எந்தச் சூழ்நிலையிலும் தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. இதில் விதிவிலக்கு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆக, பிழைச்செய்தியில் வரும் கோப்பின் பெயர் எப்போதும் நோயின் பெயர் அல்ல. உண்மையாகவே விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் அறிகுறிகள் கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். ஸ்டார்ட் மெனு திறக்காது. செட்டிங்ஸ் திறந்து அடுத்த நொடி மூடிக்கொள்ளும். அப்டேட் மாதாமாதம் பாதியில் நின்று, பழைய நிலைக்குத் திரும்புகிறேன் என்று சொல்லும். சில சமயம் நீலத்திரை. இந்தக் கட்டத்தில்தான் கடைக்காரர், "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்கிறார்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியவை சில உண்டு. அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

டிஎல்எல் என்பது பல நிரல்கள் பங்குபோட்டுக்கொள்ளும் நிரல்துண்டு. ஜன்னலை வரைவது, எழுத்துருவைத் திரையில் காட்டுவது, பிரிண்டருக்கு அனுப்புவது போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே சுமந்தால், சில நூறு மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்த 1990-களில் இடம் காணாது. ஆகவே ஒரே பிரதியைப் பொது ஃபோல்டரில் வைத்து எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தப் பொது ஃபோல்டருக்குக் காவல் கிடையாது. எந்த நிரலின் இன்ஸ்டாலரும் உள்ளே புகுந்து தன்னிடமிருந்த பிரதியை ஏற்கெனவே இருந்ததன்மேல் எழுதிவிடலாம். இருப்பது புதிது, நாம் கொண்டுவந்தது பழசு என்று பார்த்து ஒதுங்கவேண்டும் என்பது விதி. பல இன்ஸ்டாலர்கள் பார்க்கவில்லை. இன்று ஒரு கேம் போட்டால் நேற்றுவரை ஓடிய டைப்பிங் மென்பொருள் படுத்துவிடும். நிரலாளர்கள் இதற்கு டிஎல்எல் நரகம் என்றே பெயர் வைத்தார்கள்.

விண்டோஸ் 98-இல் சிஸ்டம் கோப்புகளைச் சோதிக்க ஒரு கருவி வந்தது. 2000-இல் வெளியான விண்டோஸ் 2000 இன்னும் ஒருபடி மேலே போனது. முக்கியமான கோப்புகளின் நகல்களை டிஎல்எல்கேஷ் என்ற தனி ஃபோல்டரில் மறைத்து வைத்துக்கொண்டது. யாராவது ஒரு கோப்பை மாற்றினால் சத்தம் போடாமல் பழையதைத் திரும்ப வைத்தது. மறைவில் நகல் இல்லையென்றால் சிடியைப் போடச் சொல்லிக் கேட்டது. 2007-இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா, கோப்புகளின் உரிமையையே மாற்றி எழுதியது. அன்றிலிருந்து விண்டோஸின் கோப்புகளுக்கு உரிமையாளர் நீங்கள் அல்ல, அட்மினிஸ்ட்ரேட்டரும் அல்ல. டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற ஒரு சேவை. உங்கள் கணினியில் உள்ள கோப்பை அழிக்க உங்களுக்கே அனுமதி இல்லை என்ற செய்தியைப் பார்த்து எரிச்சல்படாதவர்கள் குறைவு.

அந்தக் கெடுபிடிக்கு நியாயம் இருந்தது. 2001-இல் மின்னஞ்சல் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. சல்ஃப்என்பிகே.எக்ஸி என்ற கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிட்டு நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்றது. தேடிப் பார்த்தவர்களுக்குக் கோப்பு கிடைத்தது. கிடைக்காமல் என்ன, அது விண்டோஸோடு வந்த சாதாரணக் கருவி. அடுத்த ஆண்டு ஜேடிபிஜிஎம்ஜிஆர்.எக்ஸியின் முறை. அதன் ஐகான் ஒரு கரடிப் பொம்மை. சிஸ்டம் ஃபோல்டரில் கரடிப் பொம்மைக்கு என்ன வேலை என்று சந்தேகப்பட்டு நிறையப் பேர் அழித்தார்கள். அதுவும் மைக்ரோசாஃப்ட் வைத்ததுதான். வைரஸ் எழுதவேண்டிய சிரமமே இல்லாமல், சிஸ்டம் கோப்புகளை மக்கள் கையாலேயே அழிக்கவைத்த இந்தக் குறும்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சிஸ்டம் கோப்புகளைச் சோதிக்கும் இன்றைய கருவியான எஸ்எஃப்சிக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, அட்மின் என்று குறிப்பிட்டிருக்கும் டெர்மினலைத் திறந்து, எஸ்எஃப்சி என அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடும் ஸ்கேன்நவ் என்ற சொல்லும் சேர்த்து என்டர் தட்டவேண்டும். கருப்புத் திரையில் சதவீதம் மெல்ல ஏறும். முடிவில் மூன்றில் ஒரு பதில் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது. சில கெட்டிருந்தன, சரிசெய்தாயிற்று. சில கெட்டிருக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியவில்லை. மூன்றாவது பதில் வந்தால்தான் ஆட்கள் தளர்ந்துபோகிறார்கள். எனக்கு அந்த மூன்றாவது பதில்தான் சுவாரசியமானது.

இவ்வளவு கோப்புகளில் எது கெட்டது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஹாஷ் என்ற ஒரு கைரேகையை அது கணக்கிடுகிறது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில், கோப்பு எத்தனை பெரிதானாலும் விடை 256 பிட்தான். பதினாறடிமான எண்முறையில் எழுதினால் 64 எழுத்து. ஒரு மெகாபைட் கோப்பில் 80 லட்சத்துக்கும் அதிகமான பிட்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று 0-விலிருந்து 1-க்கு மாறினாலும் கைரேகையில் ஏறக்குறைய பாதி பிட்கள் மாறிவிடும். நோட்பேடில் ஒரு வரி எழுதிச் சேமித்து, விண்டோஸோடு வரும் செர்ட்யுட்டில் என்ற கட்டளையால் அதன் ஹாஷை எடுத்துப் பார்க்கலாம். வரியின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்துவிட்டு மறுபடி எடுத்தால், இரண்டு விடைகளுக்கும் இடையே ஒட்டுறவே தெரியாது. விண்டோஸின் ஒவ்வொரு கோப்புக்கும் இருக்கவேண்டிய கைரேகை, மைக்ரோசாஃப்ட்டின் மின்கையொப்பம் இட்ட பட்டியல்களில் பாதுகாக்கப்படுகிறது. எஸ்எஃப்சி புதிதாகக் கணக்கிட்டதைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போகவில்லையா, கோப்பு கெட்டது.

கவனிக்கவேண்டிய இடம் இதுதான். கைரேகையால் தவறு இருக்கிறது என்று சொல்ல முடியும், எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. 32 பைட்டுக்குள் அடங்கும் அந்த எண்ணிலிருந்து இழந்த ஒரு பிட்டைக்கூட மீட்க வழியில்லை.

இந்த வேறுபாட்டோடு மல்லுக்கட்டியவர் ரிச்சர்ட் ஹாமிங். 1940-களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன கணினி ஒன்றில் அவர் வேலை செய்தார். வார இறுதியில் ஆள் இல்லாத நேரத்தில் அவருடைய கணக்குகள் ஓடும். இடையில் ஏதாவது ஒரு ரிலே தடுமாறினால் இயந்திரம் பிழையைக் கண்டுகொள்ளும். கண்டுகொண்டு, அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கணக்கு அரைகுறையாகக் கிடக்கும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தவும் ஏன் தெரியக்கூடாது என்று ஹாமிங்குக்கு ஆத்திரம். 1950-இல் வெளியான அவருடைய கட்டுரை அதற்கு விடை சொன்னது. தரவோடு சில கூடுதல் பிட்களைக் கணக்காகப் பின்னிவைத்தால், மாறிய பிட் எது என்பதை அந்தப் பிட்களே காட்டிக்கொடுக்கும். சர்வர்களில் போடும் இசிசி ரேம் முதல் எஸ்எஸ்டி வரை இன்றும் அந்த எண்ணத்தின் வாரிசுகளே ஓடுகின்றன.

எஸ்எஃப்சி அந்த வழியில் போகவில்லை. அதனிடம் சோதனை மட்டும்தான் உண்டு, மருந்து கிடையாது. மருந்துக்கு வேறொரு நல்ல பிரதியைத் தேடிப் போகிறது. அந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்பதில்தான் மூன்றாவது பதிலின் ரகசியம்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு ஃபோல்டர். கம்போனன்ட் ஸ்டோர் என்பார்கள், விண்டோஸின் கிடங்கு. திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் உள்ஃபோல்டர்கள், ஒவ்வொன்றின் பெயரும் ஒரு வரி நீளம். முதலில் ஏஎம்டி64 என்றோ எக்ஸ்86 என்றோ வகை, பிறகு உறுப்பின் பெயர், நடுவில் 31பிஎஃப்3856ஏடி364இ35 என்று திரும்பத் திரும்ப வரும் மைக்ரோசாஃப்ட்டின் சாவி அடையாளம், அதன்பின் பதிப்பு எண். ஃபோல்டரின் அளவைப் பார்த்தால் பல ஜிபி காட்டும். இடம் பற்றாமல் தவிப்பவர்கள் இதை அழித்துவிடலாமா என்று யோசிப்பதுண்டு. கூடவே கூடாது.

அந்த அளவு பெரும்பாலும் தோற்றம்தான். ஹார்டு லிங்க் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டில் ஒரு பெயரும் சர்டிஃபிகேட்டில் ஒரு பெயரும் இருந்தாலும் ஆள் ஒருவர்தான் என்பதுபோல, வட்டில் கிடக்கும் ஒரே தரவுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள். சிஸ்டம்32-இல் தெரியும் கோப்பும் கிடங்கில் தெரியும் கோப்பும் பெரும்பாலான சமயம் ஒன்றேதான். எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணிவிடுகிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஏதோ ஒரு நிரல் சிஸ்டம்32-இல் இருந்த கோப்பை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வேறொரு கோப்பை வைத்தது என்று கொள்வோம். ஒரு பெயர்தான் போயிற்று. கிடங்கின் பெயரில் தரவு பத்திரமாக இருக்கிறது. எஸ்எஃப்சி கிடங்கிலிருந்து எடுத்து மறுபடி பொருத்திவிடும். ஆனால் கெட்டது வட்டின் அந்தப் பகுதியே என்றால்? சிஸ்டம்32 வழியாகப் போனாலும் கிடங்கு வழியாகப் போனாலும் சென்றுசேர்வது அதே கெட்ட பிட்களிடம். நகல் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது நகலே அல்ல. கணினி ஓட இன்றியமையாத சில கோப்புகளுக்கு மட்டும் கிடங்கில் தனியே பேக்கப் வைத்திருக்கிறது விண்டோஸ். மற்றவற்றுக்கு எஸ்எஃப்சி கைவிரித்துவிடும். விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அதற்குள் சிபிஎஸ்.லாக் என்ற கோப்பைத் திறந்து, சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்று வரும் வரிகளைத் தேடிப் பாருங்கள். எந்தக் கோப்பைச் சரிசெய்ய முடியவில்லை என்பதும், கிடங்கில் ஹாஷ் பொருந்தவில்லை என்ற காரணமும் வெளிப்படையாக எழுதியிருக்கும்.

அப்போது கிடங்கையே பழுதுபார்க்கவேண்டும். அதற்கு டிஸ்ம் என்ற இன்னொரு கருவி; விண்டோஸ் 8 காலத்திலிருந்து வீட்டுக் கணினியிலும் இந்த வேலையைச் செய்கிறது. டிஸ்ம் என்று தொடங்கி, ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களையும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு அடிக்கவேண்டும். இங்கே ஆன்லைன் என்பதற்கு இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்றுதான் பொருள், இன்டர்நெட் அல்ல. ஆனாலும் இன்டர்நெட் வேண்டும், ஏனென்றால் கிடங்கில் கெட்டுப்போன உறுப்புகளுக்கு நல்ல பிரதிகளை அது விண்டோஸ் அப்டேட்டிலிருந்துதான் இறக்கும். சதவீதம் ஓரிடத்தில் நகராமல் வெகுநேரம் நிற்பது சகஜம். நின்றுபோய்விட்டது என்று பவர் பட்டனை அழுத்துவதைப்போல் மோசமான காரியம் வேறில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டால் பழுதுபார்த்தது புதுப் பழுதாகிவிடும்.

அப்டேட்டே வேலை செய்யாத கணினியில் இது திணறும். அப்படியானால் விண்டோஸின் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட்டிலிருந்து இறக்கி, அதற்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் அல்லது இன்ஸ்டால்.இஎஸ்டி கோப்பை மூலமாகக் காட்டலாம். பதிப்பும் மொழியும் கணினியில் இருப்பதோடு பொருந்தவேண்டும். டிஸ்ம் முடிந்தபின் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டவேண்டும். மைக்ரோசாஃப்ட் சொல்லும் வரிசையே முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. பலர் எஸ்எஃப்சியை மட்டும் மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இது உதவாது என்று முடிவுகட்டுகிறார்கள். கிடங்கு கெட்டிருக்கும்போது அதை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே பதில்தான்.

சரி, யாரும் தொடாத கோப்பு ஏன் கெட்டது? கட்டளைகளைச் சொல்லித்தருபவர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

கரண்ட் கட் எளிதில் புரிகிற காரணம். விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ், எழுதப்போவதை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. திடீரென்று மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து வட்டை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் குறிப்பேட்டில் இருப்பது கோப்பின் பெயர், அளவு, வட்டில் அது இருக்கும் இடம் போன்ற விவரங்கள். கோப்பின் உள்ளடக்கம் அல்ல. ஆகவே, பெயர் சரியாக, அளவு சரியாக, உள்ளே வெறும் பூஜ்யங்களாக ஒரு கோப்பு எழுந்துவருவது சாத்தியம். அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போவது இதனால்தான் ஆபத்து. எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடையவும் முடியாது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதும் வேளையில் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 எஸ்எஸ்டிகள் ஏதோ ஒரு வகையில் சொதப்பின. டெஸ்க்டாப் வைத்திருக்கிறவர்கள் யுபிஎஸ்ஸின் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்துக்கொள்வது நல்லது. பேட்டரி செத்த யுபிஎஸ், கரண்ட் போன நொடியில் க்ளிக் என்ற சத்தத்தோடு தானும் போய்விடும்.

அடுத்தது வட்டு. இது வஞ்சகம் இல்லாத எதிரி. ஹார்ட் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரிலும் ஹாமிங்கின் வாரிசுக் குறியீடு இருப்பதால், படிக்க முடியாதபோது அது பெரும்பாலும் முடியவில்லை என்றே சொல்லிவிடும். செக்டிஸ்க் கட்டளையை எஃப் சேர்த்து ஓட்டினால் கோப்பமைப்பின் கணக்கை நேர்செய்யும். ஆர் சேர்த்தால் கெட்ட செக்டார்களையும் தேடும், பெரிய டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் ஓடும். அதற்கும் முன்னால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கவேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச ஜப்பானிய மென்பொருள் காட்டும் (அனிமே பெண்ணைத் திரை முழுக்க நிற்கவைத்த பதிப்பும் அதற்கு உண்டு, கவலைப்படாதீர்கள், உள்ளே சரக்கு ஒன்றுதான்). ஹார்ட் டிஸ்க்கில் 05 என்ற வரி, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்ற வரி, இழுபறியில் இருக்கும் செக்டார்கள். இவை பூஜ்யமாக இல்லாமல் வாரத்துக்கு வாரம் ஏறினால் எந்தக் கட்டளையும் ஓட்டவேண்டாம். முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிடுவது அதன் ஆயுளை இன்னும் குறைக்கத்தான் உதவும்.

மூன்றாவது ரேம். வஞ்சகம் என்றால் இதுதான். வட்டிலிருந்து வரும் எதுவும், வட்டுக்குப் போகும் எதுவும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், வீட்டுக் கணினியின் சாதாரண ரேமுக்கு அதைப் பிடிக்கும் வழி பொதுவாக இல்லை. புரண்ட பிட்டோடு கோப்பு வட்டில் எழுதப்படும். வட்டும் தனக்கு வந்ததை வெகு நேர்மையாகப் பாதுகாக்கும். இது எவ்வளவு நடக்கிறது? கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், ஆண்டொன்றுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் அட்டைகளில் பிழைகள் பதிவாயின. சர்வர்களில் இசிசி இருந்ததால் எண்ண முடிந்தது. வீட்டில் எண்ண ஆளில்லை. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் பயனர் கணினிகளின் கிராஷ் பதிவுகளை அலசினார்கள். வன்பொருள் கோளாறால் ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு நூறு மடங்குவரை கூடுகிறது என்று கண்டார்கள். எப்போதோ வந்து ஒரு பிட்டைப் புரட்டிவிட்டுப் போகும் விண்வெளிக் கதிர்மேல் பழிபோட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்பதே இதன் பொருள். கெட்ட இடம் கெட்ட இடமாகவே இருக்கிறது, நாளையும் அங்கேயே தடுக்கும்.

எஸ்எஃப்சியையே இதற்கு ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். பழுதுபார்த்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி ஓட்டுங்கள். சுத்தமாக வந்தால் கரண்ட் கட் போன்ற ஒருமுறைச் சம்பவமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் புதுப்புதுக் கோப்புகள் கெட்டதாக வந்தால் சந்தேகம் ரேம்மேல் விழவேண்டும். நல்ல கோப்பையே கெட்ட ரேம் வழியாகப் படித்தால் ஹாஷ் பொருந்தாது. விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கையோ, பென்டிரைவிலிருந்து தொடங்கும் மெம்டெஸ்ட்86-ஐயோ இரவு முழுக்க ஓடவிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றோடு ஓட்டிப்பார்ப்பது இன்னும் எளிது.

எஸ்எஃப்சியின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு. அது மைக்ரோசாஃப்ட்டின் கோப்புகளை மட்டுமே பார்க்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரோ ஆன்டிவைரஸின் கோப்போ அதன் எல்லைக்குள் வராது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கோப்பு வழியில் சிதைந்து கெட்டதல்ல. அனுப்பியவர்கள் அனுப்பியபடியே வந்துசேர்ந்தது. உள்ளே 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் நிரல் 20-ஐத்தான் கொடுத்தது. இல்லாத 21-ஆவதைப் படிக்கப்போய் விழுந்தது. விண்டோஸின் கோப்புகளை ஹாஷ் வைத்து எத்தனை முறை சோதித்தாலும் இதில் ஒன்றும் சிக்கியிருக்காது. சேஃப் மோடில் போய், 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பைத் தேடி அழித்தபின்தான் பெரும்பாலான கணினிகள் எழுந்தன.

சேஃப் மோடுக்குக் கொண்டுபோகும் மீட்புச் சூழல்தான் எழவே மறுக்கும் வீட்டுக் கணினிக்கும் வாசல். தொடங்கும் முயற்சி சில முறை தோற்றதும் விண்டோஸ் தானாகவே அதற்குள் போகும். ஸ்டார்ட்அப் ரிப்பேர் அங்கே முதலில் முயலவேண்டியது. அங்கிருந்தும் எஸ்எஃப்சியை ஓட்டலாம், ஆனால் படுத்துக்கிடக்கும் விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். மீட்புச் சூழலில் சி டிரைவ் டி ஆகத் தெரிவது உண்டு என்பதால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்புகளில் வட்டு பெரும்பாலும் குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. அப்போது 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச்சாவியை அது கேட்கும். அந்தச் சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் மசியாத கணினிக்கும் ஃபார்மேட் அடுத்த படி அல்ல. விண்டோஸ் 11-இன் செட்டிங்ஸில், சிஸ்டம் பிரிவில் ரெக்கவரி என்ற பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் மூலம் மறுநிறுவல் செய்யும் பட்டன் இருக்கிறது. புதிய பதிப்புகளில் வந்த இது, நிரல்களையும் கோப்புகளையும் அமைப்புகளையும் விட்டுவைத்து, விண்டோஸை மட்டும் மேலே புதிதாகப் போடுகிறது. அந்தப் பட்டன் இல்லாத கணினியில் ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டினாலும் அதே வேலைதான் நடக்கும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கடையில் இதைச் செய்யமாட்டார்கள் என்று சொல்லவில்லை. ஃபார்மேட் அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த வேலை, இது எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத வேலை. சில கடைகளில் ஃபார்மேட்டோடு சேர்த்து லைசென்ஸ் இல்லாத விண்டோஸும் ஆக்டிவேட்டரும் வந்துவிடுகின்றன. ஆக்டிவேட்டர்களில் சில சிஸ்டம் கோப்புகளையே திருத்தி வைப்பவை. அப்படியென்றால் கணினி கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போதே கெட்ட கோப்புகளோடு வருகிறது.

எல்லாம் பார்த்துவிட்டு ஃபார்மேட்தான் என்று முடிவானால், கணினியைக் கொடுக்கும்போதே கடைக்காரரிடம் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், ரேம் சோதனையையும் ஓட்டச் சொல்லுங்கள். சி5 வரியில் எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் ஃபார்மேட் போட்டுப் பயனில்லை. அந்தக் காசைப் புது எஸ்எஸ்டியில் போடலாம்.